மராத்தானுக்கு முன் தட்டில் எவ்வளவு சோறு?

மராத்தானில் 30 கிலோமீட்டர் வரை நன்றாக ஓடி வந்தவர் திடீரெனத் துவண்டுபோவதுண்டு. பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். பல நேரம் தீர்ந்துபோனது தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன்.

கொழுப்பு உடலில் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாகவே எரியும்; அதே ஆற்றலுக்குக் கூடுதல் ஆக்சிஜனும் கேட்கும். வேகம் கூடக்கூட தசை கிளைகோஜனையே நாடும். 1967-ல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் குழுவினர் தசைத் துணுக்கை ஊசியால் எடுத்து இதை அளந்தார்கள். கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபோது சைக்கிள் பயிற்சியில் சுமார் 57 நிமிடம் தாங்கியவர்கள், கலப்பு உணவில் 114 நிமிடமும், மாவுச்சத்து மிகுந்த உணவில் 167 நிமிடமும் தாங்கினார்கள்.

இதை நம் சாப்பாட்டில் செய்து பார்க்கலாம்.

1. அன்றைய ஓட்டத்துக்கேற்பச் சாப்பிடுங்கள். லேசான பயிற்சி நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 3–5 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு மணி நேரம் ஓடும் நாளில் 5–7 கிராம். அதற்கும் மேல் ஓடினால் 6–10 கிராம்.

2. கடைசி இரண்டு நாள் நிரப்புங்கள். ஓட்டத்தைக் குறைத்து, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10–12 கிராம் மாவுச்சத்து எடுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 600 கிராம். அரைக் கிலோ அரிசியில் சுமார் 390 கிராம், நான்கு வாழைப்பழத்தில் சுமார் 100 கிராம் வந்துவிடும். மீதியைப் பானகம், பழச்சாறு, வெல்லத்தில் ஈடுகட்டலாம்.

3. இடம் ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் நெய், எண்ணெய்ப் பலகாரம், தேங்காய்ச் சட்னியைக் குறையுங்கள். கடைசி நாளில் கீரை, சுண்டல், சிறுதானியமும் வேண்டாம். ஓடும்போது வயிறு தொந்தரவு செய்யாது. எடை ஒன்றிரண்டு கிலோ ஏறினால் பதற வேண்டாம். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும்.

4. போட்டி நாள் காலை. மூன்று மணி நேரம் முன்பே எழ முடிந்தால் இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுங்கள். விடியற்காலை ஓட்டமென்றால் ஒரு மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழமும் ஒரு ஸ்பூன் தேனும் போதும்.

5. ஓடும்போது. களைப்பு வரும்வரை காத்திருக்காமல், முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கி மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து எடுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்தால் எளிய பானம் தயார். இளநீர் தாகம் தணிக்கும். அதன் மாவுச்சத்து மட்டும் போதாது.

6. ஓடி முடித்தபின். மறுநாளும் பயிற்சி இருந்தால் முதல் சில மணி நேரத்தில் சோறும் பருப்பும் முட்டையுமாகச் சாப்பிடுங்கள்.

மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பில் ஓடலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். ஆய்வாளர் லூயிஸ் பர்க் 2017-ல் வெளியிட்ட நடைப்போட்டி வீரர்கள் ஆய்வில், அப்படி உண்டவர்கள் கொழுப்பை அதிகம் எரித்தார்கள். அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் செலவானது. போட்டி நேரம் முன்னேறவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மற்றவர்கள் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே, நீண்ட ஓட்டம் ஒன்றுக்கு இந்த ஆறையும் அப்படியே கடைப்பிடித்துப் பாருங்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதை மட்டும் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.