பாலையில் கதிரடித்த கவச வண்டி

நுழையும்முன்

போர் என்றவுடன் முழங்கும் பீரங்கியும் முன்னேறும் படையும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்படை செல்வதற்கு வழி அமைப்போரை நாம் நினைப்பதில்லை. பாலம் கட்டுதல், தடைகளைத் தகர்த்தல், மண்ணுள் புதைந்த கண்ணிவெடிகளை அகற்றுதல் ஆகியன படைப் பொறியாளர்களின் பணிகள். முதுமையடைந்த ஒரு கவச வண்டியையும் தம் கைகளையும் கொண்டு அவர்கள் பாலைவனத்தில் வழி திறந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வழியில்லா நிலம்

எகிப்து நாட்டில், அலெக்சாந்திரியா நகருக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஊர் எல் அலமெய்ன். இரண்டாம் உலகப்போரின்போது, 1942ஆம் ஆண்டில், மாண்ட்கோமரி தலைமையிலான பிரித்தானிய எட்டாம் படையும் செருமானிய, இத்தாலியப் படைகளும் அங்கு எதிரெதிரே நின்றன. வடக்கே நடுநிலக்கடல், தெற்கே வண்டிகள் கடக்கவியலாத கட்டாராப் பள்ளம். எனவே பகைவரைச் சுற்றிச்செல்ல வழியில்லை, ஊடுருவியே செல்லவேண்டும். இடையிலிருந்த நிலத்திலோ ஏறத்தாழ ஐந்து இலட்சம் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன.

அரசியும் தேளும்

1940ஆம் ஆண்டின் இறுதியில் இதே பாலைவனத்தில் வெற்றியுடன் வலம்வந்தது 'மட்டில்டா' என்னும் பிரித்தானியப் பீரங்கி வண்டி. அதன் முன்புறக் கவசம் 78 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இத்தாலியரின் குண்டுகள் அதனைத் துளைக்க இயலவில்லை. ஆதலால் 'போர்க்களத்தின் அரசி' எனப் புகழப்பெற்றது. ஆனால், இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. செருமானியர் ஆற்றல்மிக்க பீரங்கிகளைக் கொண்டுவந்தனர். மட்டில்டாவின் சுழல்மேடை சிறியது. பெரிய பீரங்கியைப் பொருத்த அதில் இடமில்லை. விரைவும் குறைவு. போரிடும் தகுதியை அவ்வண்டி இழந்தது.

ஆயினும், அதன் கவசத்தின் வலிமை குன்றவில்லை. தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஆபிரகாம் டு டாய்ட் ஓர் எண்ணத்தை முன்வைத்திருந்தார். உழவர் களத்தில் கதிரடிப்பதுபோல, சுழலும் உருளையில் பூட்டிய சங்கிலிகளால் நிலத்தை அடித்தால் கண்ணிவெடிகள் வண்டிக்கு முன்னரே வெடித்துவிடும் என்பதே அது. வெடிப்பைத் தாங்கும் வண்டிக்குக் கவசம் வேண்டும், விரைவு வேண்டியதில்லை. அப்பணிக்கு மட்டில்டா பொருந்தியது. தேள் என்னும் பொருள்பட அதற்கு 'ஸ்கார்ப்பியன்' எனப் பெயரிட்டனர்.

புழுதியில் ஒரு போராட்டம்

உருளையைச் சுழற்ற வண்டியின் வலப்புறத்தில் ஃபோர்டு இயந்திரம் ஒன்று தனியே பொருத்தப்பட்டது. அதனை இயக்கக் கூடுதலாக ஒரு வீரர் அக்கவசப் பெட்டிக்குள்ளேயே அமர்ந்தார். சங்கிலிகள் மண்ணை அடித்தபோது எழுந்த புழுதி கண்ணை மறைத்தது. ஓட்டுநர் திசைகாட்டியை நம்பி வண்டியைச் செலுத்தினார். மூச்சுவிடுவதற்காக வீரர்கள் நச்சுவாயு முகமூடி அணிந்தனர். காற்று வடிப்பான்களை மணல் அடைத்தது. இயந்திரங்கள் சூடேறி நின்றன. மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட அவற்றால் கடக்க இயலவில்லை.

கைகள் திறந்த வழி

அக்டோபர் 23ஆம் நாள் இரவு, நிலவொளியில் போர் தொடங்கியது. ஏறத்தாழ 25 ஸ்கார்ப்பியன் வண்டிகளே அப்போது ஆயத்தமாக இருந்தன; அவற்றிலும் பல இடையில் பழுதாயின. வழிகளுட் பெரும்பாலானவற்றைப் படைப் பொறியாளர்கள் கைகளாலேயே திறந்தனர். போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாக்கி வடிவமைத்த கண்டறிகருவிகள் 500 அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்தன. காதில் ஒலி கேட்ட இடத்தில் வீரர் மண்டியிடுவார். துப்பாக்கிமுனைக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்ப்பார். விரல்களால் மணலை விலக்குவார். அடியில் மற்றொரு வெடி பிணைக்கப்பட்டுள்ளதா எனத் தடவி அறிவார். தூய்மையான வழியின் இருபுறமும் வெண்ணிற நாடா விரிக்கப்படும், விளக்குகள் வைக்கப்படும். குண்டுமழைக்கு நடுவே இப்பணியை அவசரமின்றிச் செய்யவேண்டியிருந்தது. ஒரு வெடியைத் தவறவிட்டாலும் பின்னால் வருவோர் உயிரிழப்பர்.

நவம்பர்த் தொடக்கத்தில் பகைவரின் அரண் உடைந்தது. ஆனால், பொறியாளர்களின் இடர் தீரவில்லை. எட்டாம் படையின் தலைமைப் பொறியாளர் பிரெடரிக் கிஷ், 1943 ஏப்ரலில் துனீசியாவில் கண்ணிவெடியால் உயிர்நீத்தார்.

குறையிலிருந்து கற்றல்

ஸ்கார்ப்பியனின் குறைகள் வீணாகவில்லை. உருளையைச் சுழற்றும் ஆற்றலை வண்டியின் முதன்மை இயந்திரத்திலிருந்தே பெறும் 'ஷெர்மன் கிராப்' பின்னர் உருவானது. 1944 சூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் வழி திறந்தது. பழைய கருவி ஒன்றின் எஞ்சிய வலிமையை அறிந்து பயன்கொள்வது பொறியியல் அறிவு. கருவி நின்றுவிட்டபோதும் கடமையைத் தொடர்வது மனத்திண்மை. இவ்விரண்டும் சேர்ந்தே அலமெய்னில் வழி திறந்தன.

அன்று தேவைப்பட்ட வழிகளிலிருந்தே வெடிகள் அகற்றப்பட்டன. எஞ்சியவற்றுள் பல இன்றும் அம்மணலுள் கிடக்கின்றன. போருக்குப்பின் பிறந்த மக்களும் கால்நடைகளும் அவற்றால் உயிரும் உறுப்பும் இழந்துள்ளனர். புதைப்பது எளிது; அகற்றுவது தலைமுறைகளின் பணி.

கற்பவை கற்றபின்

1. போர்த்தகுதி இழந்த மட்டில்டா, கண்ணிவெடி அகற்றும் பணிக்குப் பொருந்தியது ஏன்? விளக்குக.
2. பயன்முடிந்ததாகக் கருதப்பட்ட பொருளொன்று புதிய பணிக்குப் பயன்பட்ட நிகழ்வை உங்கள் ஊரிலிருந்து எடுத்துக்காட்டி, வகுப்பில் உரையாடுக.