தாமிரமும் வெயிலும் சேர்ந்தால்: திராட்சைத் தோட்டத்து மண்வாழ் பூச்சிகள்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடுவோருக்குப் போர்டோ கலவை புதியதல்ல. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் சேர்த்தால் ஒரு சதக் கலவை. பிரான்ஸ் நாட்டின் போர்டோ நகரில் 1885-ம் ஆண்டு வெளியான இம்மருந்து, அடிச்சாம்பல் நோய்க்கு இன்றும் கண்கண்ட மருந்தாகும். நோயின் பயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தால்தான் பலருக்கு மனம் ஆறுகிறது.

மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். ஏக்கருக்கு 400 லிட்டர் தெளித்தால் 1 கிலோ தாமிரம் தோட்டத்தில் இறங்குகிறது. பூச்சிக்கொல்லிகள் பல நாளடைவில் சிதைந்து போகும். தாமிரம் உலோகமாதலால் சிதைவதில்லை. இலையிலிருந்து கழுவப்பட்டு மேல்மண்ணில் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வரும். பிரான்சின் பழைய திராட்சைத் தோட்டங்களில் இவ்வாறு சேர்ந்ததைக் கண்ட பிறகு, ஐரோப்பிய நாடுகளில் 2019 முதல் ஏழாண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 1.6 கிலோ என வரம்பு கட்டினர். மேற்சொன்ன கணக்கில் இரண்டு தெளிப்பிலேயே இந்த அளவு தாண்டி விடுகிறது.

இதனால் முதலில் துன்புறுபவை மேல்மண்ணில் வாழும் சிற்றுயிர்களே. கருநிறத் தரைவண்டுகள் இரவில் ஊர்ந்து புழுக்களைத் தின்னும். இலைப்பேன் தன் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில்தான் கழிக்கிறது. வேரைக் கடிக்கும் வண்டுப் புழுக்களும் அங்கேயே உள்ளன. இவற்றைக் கூலியில்லாமல் குறைப்பவை அந்தத் தரைவண்டுகள். காலெம்போலா எனும் துள்ளும் சிற்றுயிர்கள் சருகையும் பூஞ்சையையும் தின்று எருவாக்க உதவுகின்றன.

வெயில் இதில் எங்கே வருகிறது? பூச்சிகளுக்கு நம்மைப்போல் நிலையான உடற்சூடு கிடையாது. மண் சூடேறினால் உடலும் சூடேறும். மூச்சும் தீனியும் மிகும். தீனி மிகுந்தால் அதனுடன் உட்செல்லும் உலோகமும் மிகும். உலோகத்தைக் கட்டிப்போட உடல் ஒருவகைப் புரதத்தை உண்டாக்க வேண்டும். வெப்பத்தால் உண்டாகும் சேதத்தைச் சரிசெய்ய வேறொரு வகைப் புரதம் வேண்டும். இரண்டுக்கும் செலவிடும் சத்து ஒன்றே. ஆகவே குளிர்ந்த மண்ணில் தாங்கக்கூடிய அளவு உலோகம், சூடான மண்ணில் தாங்க முடியாததாகி விடலாம். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஆய்வொன்றில், பாதரசம் பட்ட காலெம்போலாக்களின் வெப்பம் தாங்கும் திறன் குறைந்தது தெரியவந்தது. பாதரசமும் தாமிரமும் ஒன்றல்ல. ஆயினும் சங்கதி அதே திசையில்தான் செல்கிறது.

காலெம்போலாவுக்கு ஒரு தற்காப்பும் உண்டு. தோலுரிக்கும்போதெல்லாம் குடலின் உள்தோலையும், அதில் தேங்கிய உலோகத்தோடு சேர்த்துக் கழித்து விடும். ஆனால் அளவு மிஞ்சினால் அதுவும் போதாது.

மருந்தை நிறுத்துவது இதற்கு வழியல்ல. நிறுத்தினால் குலை கைக்கு வராது. மழையும் பனி மூட்டமும் உள்ள நாட்களில் தெளித்து, வறண்ட நாட்களில் தவிர்க்கலாம். கவாத்துக்குப் பின் மீந்த கலவையை ஒரே மூலையில் கொட்டுவதும், தெளிப்பானை நாள்தோறும் ஒரே இடத்தில் கழுவுவதும் கூடாது. மக்கிய தொழு உரம் தாமிரத்தைப் பிடித்து வைப்பதால் பூச்சிக்கு எட்டும் அளவு குறையும். புளிப்பு மண்ணில் தாமிரம் எளிதாகக் கரையுமாதலால், மண் பரிசோதனையின்போது கார அமில நிலையுடன் தாமிர அளவையும் கேட்டுப் பெறுதல் நலம்.

கோடையில் பந்தலுக்கடியில் வெறும் மண்ணை விடாமல் சருகு அல்லது வைக்கோலை நான்கு விரற்கடை கனத்தில் பரப்பினால் மண் குளிர்ச்சி பெறும். பலன் தெரிய எளிய சோதனை ஒன்றுண்டு. சிறு டம்ளர் ஒன்றை வாய் மண் மட்டத்தில் இருக்குமாறு மாலையில் புதைத்து, மறுநாள் காலை விழுந்த வண்டுகளை எண்ணி விட்டுவிட வேண்டும். மூடிய இடத்திலும் மூடாத இடத்திலும் இதையே செய்து ஒப்பிடலாம்.