நூறு முறை எழுதிய சொல்

கும்பகோணம்

அன்புள்ள தமயந்திக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கவின் நோட்டில் ஒரே பக்கத்தில் ‘கோழி’ நாலு விதமாக இருக்கிறது. கேழி, காழி, கோளி, கடைசியில் ஒரு இடத்தில் சரியாகவே கோழி. கொம்பு போட்டால் கால் விட்டுப்போகிறது, கால் போட்டால் கொம்பைக் காணோம். கீழே மிஸ் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் நானும் அதே மையில் அதைத்தானே எழுதினேன்.

1989-ல் ஆறாம் வகுப்பில் ஒரு பையன். ‘பள்ளிக்கூடம்’ எழுத வராது. நூறு தடவை இம்போசிஷன் கொடுத்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தான். எண்ணிப் பார்த்தேன், நூறு சரியாக இருந்தது. சொல்தான் ஏழெட்டு விதமாக மாறியிருந்தது. ஒரே தப்பையே நூறு முறை எழுதியிருந்தால் தப்பாகப் படித்துவிட்டான் எனலாம். இவனுக்கோ ஒவ்வொரு வரியிலும் அந்தச் சொல் புதிதாக வந்து நின்றிருக்கிறது. அது எனக்குப் புரியவில்லை. இன்னொரு நூறு கொடுத்தேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இன்னொரு டியூஷனைத் தேடாதே. கவினுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்க இது சரியான வயது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. போர்டு தெரியாத குழந்தையை டிஸ்லெக்சியா என்று சொல்லிவிடக் கூடாது. அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கூச்சப்படாமல் கேள். தனியாரிடம் செலவு கட்டாது என்றால், அரசு நடத்தும் மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே காசு கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

காலை வேளையில் நேரம் வாங்கு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். யூடியூபில் கேள்விகளைத் தேடி முன்கூட்டியே பழக்கிவிடாதே. பரீட்சைக்குப் பழக்குகிற நம் ஊர்க் கை சும்மா இருக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன். பழக்கினால் ரிப்போர்ட் பொய்யாகிவிடும். வீட்டில் தமிழ் பேசி இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை அவன். இரண்டு மொழியிலும் படிக்க வைத்துப் பார்க்கச் சொல். இங்கிலீஷில் மட்டும் தடுமாறினால் அது வேறு கதை.

ரிப்போர்ட் வந்ததும் உன் மாமியார் ஐ.க்யூ. எவ்வளவு என்றுதான் கேட்பார். அந்த ஒற்றை எண்ணை விடு. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் எங்கே நிற்கிறான், எழுத்தைப் பார்த்துப் படிப்பதில் எங்கே நிற்கிறான், இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கச் சொல்லிக் கேள், அதுவும் அவர்கள் வேலைதான். அப்புறம் ஸ்பெஷல் எஜுகேட்டர். மணலில் எழுதுவது, எழுத்தைத் தொட்டுத் தடவிச் சத்தமாகச் சொல்வது என்று தொடங்குவார்கள். விஜயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து எழுத வைத்தோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒரு நாளோடு விடாமல் மாதக்கணக்கில் செய்ய வேண்டும்.

பள்ளியில் டி.சி. பற்றிப் பேச்சு வந்தது என்றாயே, பயப்படாதே. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. இப்படிப்பட்ட குழந்தைகளைச் சீக்கிரம் கண்டறிந்து, தகுந்த முறையில் சொல்லிக்கொடுக்க வேண்டியது கல்வி நிறுவனத்தின் பொறுப்பு என்றே அதில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் கேட்கலாம். பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்கிறான், ஞாயிற்றுக்கிழமை இட்லியை எந்த வலியும் இல்லாமல் தின்கிறான். போனில் என்னிடமே “நான் மக்கு அத்தப்பாட்டி” என்றான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. சைக்காலஜிஸ்ட் கேட்காவிட்டாலும் இதை நீயே சொல்லிவிடு. எழுத்து மெதுவாக வரட்டும், இதை உடனே கவனிக்க வேண்டும். ராத்திரியில் உனக்கே தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், காசில்லை. அம்மாக்களும் பேசலாம்.

‘தாரே ஜமீன் பர்’ பார்த்துவிட்டு இப்படிப்பட்ட பிள்ளையெல்லாம் ஓவியராகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கவினுக்கு விசேஷத் திறமை எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவன் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

“நீ போனைக் கையில் கொடுத்ததால்தான்” என்று உன் மாமியார் சொன்னாராமே. போன் பார்ப்பதால் டிஸ்லெக்சியா வராது. பரம்பரையாக வருவதுண்டு. உன் அப்பாவை யோசித்துப் பார். பத்தாவதோடு நின்றவன். எந்த பைக் எஞ்சினையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். ஆனால் கல்யாணப் பத்திரிகை வந்தால் “கண்ணாடி எங்கேயோ வச்சிட்டேன், நீ படி அக்கா” என்று என்னிடம் நீட்டுவான். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கும். பெயர் வைக்க நான் டாக்டர் இல்லை. நாற்பது வருஷமாக நானும் அதைப் பார்க்காத மாதிரியே படித்துக் காட்டிவிட்டேன்.

உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன். எங்கே போகிறோம் என்பதைக் கவினிடம் மறைக்காதே, ஊசி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நான் காலை ரயிலில் திருச்சிக்கு வந்துவிடுகிறேன். பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருப்பதையெல்லாம் எடுத்து வை, சைக்காலஜிஸ்ட் பார்க்கக் கேட்பார்.

அன்புடன்,
அத்தை