இரு நாட்டுப் பிள்ளையின் பிரஜாவுரிமை

வாணிபத்தின் பொருட்டு நம்மவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இரு கரைகளில் வாழ்ந்து வருகின்றன. கடை சிங்கப்பூரில், வீடு ஊரில். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி வந்த நம் பெரியவர்களில் பலர், 1957ஆம் ஆண்டு இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் ஏற்பட்டபோது பதிந்துகொண்டு இந்நாட்டுப் பிரஜைகளாயினர். அந்தக் கப்பல் 1973இல் ஓட்டத்தை நிறுத்தியது. ஆயினும் ஊரில் மணம் முடிப்பதும், முதற் பிரசவத்தைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வதும் நின்றபாடில்லை. ஆகவே, ஒரே பிள்ளையின் மீது இரு நாட்டுச் சட்டங்களும் உரிமை கொண்டாடும் நிலை நம்மிடையே அடிக்கடி நேருகிறது.

கடைக் கணக்கில் ஒரு காசு பிசகினாலும் இரவெல்லாம் விழித்திருந்து சரிபார்க்கும் நாம், பெற்ற பிள்ளையின் தஸ்தாவேஜு விஷயத்தில் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுகிறோம். அது எவ்வளவு தவறு என்பதை இப்பாடத்தில் மூன்று கேள்விகளாகப் பிரித்து ஆராய்வோம்.

முதற் கேள்வி: பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை?

ஓர் உதாரணம் கொள்வோம். வாப்பா சிங்கப்பூரில் பிறந்த பிரஜை. உம்மா இந்தியப் பிரஜை. பிள்ளை நாகூரில் பிறக்கிறது. இந்தியச் சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் இந்தியப் பிரஜையாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருந்தால், அங்கே பிறந்த பிள்ளை பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. சிங்கப்பூர்ச் சட்டப்படி, அதே பிள்ளை வமிசாவழிப் பிரஜையாகலாம். ஆனால் அது தானாக நடப்பதன்று. பிறந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால், கூடுதல் அவகாசம் தருவது அரசாங்கத்தின் விருப்பம்.

முன்பு இவ்வுரிமை தந்தை வழியாக மட்டுமே வந்தது. 2004ஆம் ஆண்டு மே 15ஆம் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குத் தாய் வழியாகவும் வருகிறது. நம் பெண்மக்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

இங்கே நம்மவர் பலர் அறியாத ஒரு முடிச்சு உண்டு. வாப்பா இந்நாட்டில் பிறந்தவரல்லர், பிற்காலத்தில் பதிவு செய்து பிரஜையானவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது, பிறந்த மண்ணின் காரணமாகவே இந்தியப் பிரஜையாகிவிட்ட பிள்ளைக்குச் சிங்கப்பூரின் வமிசாவழி உரிமை கிடையாது. தனியே விண்ணப்பித்து, அரசாங்கம் இசைந்தால்தான் பதிவுப் பிரஜையாகலாம். வாப்பா தாமே வமிசாவழிப் பிரஜையாயின், பிள்ளை பிறப்பதற்குமுன் மொத்தம் 5 ஆண்டுகளோ, கடைசி 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகளோ சிங்கப்பூரில் வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே, பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புமுன், தாம் எவ்வகைப் பிரஜை என்பதை ஒவ்வொருவரும் தம் பத்திரத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வது நலம்.

மேற்சொன்ன பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எச்சமயத்தார் திருமணத்தையும் அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும். நிக்காஹ் புத்தகத்தில் கையெழுத்திட்டதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரிலும் கவனம் தேவை. வாப்பாவின் பாஸ்போர்ட்டில் 'முஹம்மது' ஒரு விதமாகவும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், அந்த ஓரெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

இரண்டாம் கேள்வி: எந்தப் பாஸ்போர்ட்டில் பிரயாணம் செய்வது?

போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டு பாஸ்போர்ட்டுகளை மாற்றி மாற்றி நீட்டுவதைச் சிலர் சாமர்த்தியமாகக் கருதுகின்றனர். இது சாமர்த்தியமன்று, ஆபத்து. இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதில்லை. வேற்று நாட்டுப் பிரஜாவுரிமை பெற்றபின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் பயன்படுத்துவது, 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றமாகும்.

சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டைத் தேர்ந்தால், ஊரில் பிறந்த பிள்ளையின் பாஸ்போர்ட்டில் இந்திய விசா இராது. ஆதலால் டிக்கெட் எடுக்குமுன், அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். இதனை அறியாமல் கைக்குழந்தையோடு விமான நிலையத்துக்குச் சென்றால் திரும்பி வர நேரும்.

பின்னர் ஊருக்குப் போய்வர, 'ஓசிஐ' என்னும் இந்திய வம்சாவளி அட்டை உதவும். அது விசாவுக்கு ஈடு; பிரஜாவுரிமைக்கு ஈடன்று. ஓட்டு இல்லை. வயலும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. 20 வயது நிறைந்தபின் புதுப் பாஸ்போர்ட் எடுக்கையில், ஒருமுறை அட்டையையும் மாற்றியாக வேண்டும்.

மூன்றாம் கேள்வி: பிள்ளை வளர்ந்தபின் என்ன?

இதுவே எல்லாவற்றிலும் கனமானது. ஆண் பிள்ளையைச் சிங்கப்பூர்ப் பிரஜையாகப் பதிகிறோம். பிறகு ஊரிலேயே வளர்க்கிறோம். அவன் ஊரில் வளர்வதால் தேசிய சேவைக் கடமை நீங்குவதில்லை. 13 வயது முதல், நீண்ட காலம் வெளிநாட்டில் இருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். பதினாறரை வயதில் சேவைக்குப் பதிய வேண்டும். தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. 'வேண்டாம், பிரஜாவுரிமையை விட்டுவிடுகிறோம்' என்றாலும் 21 வயதுக்கு முன் இயலாது. சேவை முடியாதவரின் விண்ணப்பத்தை அரசாங்கம் நிறுத்தி வைக்கலாம். தொட்டிலில் கிடக்கும்போது நாம் எழுதிய கடனை, மீசை அரும்பும் வயதில் அவனே தீர்க்க வேண்டியிருக்கிறது. அவன் அதை விரும்புவானா, அதற்கேற்ப வளர்க்கிறோமா என்பதை முதலாண்டிலேயே எண்ணிப் பார்ப்பது பெற்றோர் கடமை.

ஆணாயினும் பெண்ணாயினும், வமிசாவழிப் பிரஜை 21 வயது முடிந்து 12 மாதங்களுக்குள் விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். கேட்கப்பட்டால் மற்ற நாட்டுப் பிரஜாவுரிமையையும் விட வேண்டும். செய்யாவிடில் 22 வயதில் சிங்கப்பூர்ப் பிரஜாவுரிமை போய்விடும். ஊரில் படித்துக்கொண்டிருக்கும் மகள் பிரமாணம் செய்யாமல் விட்டால், அவள் பிறந்த நாள் ஒன்றிலேயே அவ்வுரிமை கைநழுவும்.

சகோதரர்களே, இப்பாடத்தின் சாரம் இதுதான்: எந்நாட்டைத் தேர்ந்தாலும் குறையில்லை, தேர்வதைத் தள்ளிப்போடுவதே குறை. பிள்ளை பிறந்த அன்றே நம் பேரேட்டின் முதற் பக்கத்தில் நான்கு தேதிகளைக் குறித்து வைப்போம்:

1. பிறந்த 21ஆம் நாள்: ஊரில் பிறப்புப் பதிவு.
2. ஓராண்டு நிறைவு: சிங்கப்பூர்ப் பிரஜாவுரிமைப் பதிவு.
3. ஆண் பிள்ளைக்கு 13 வயதும் பதினாறரை வயதும்: அனுமதிச் சீட்டு, சேவைப் பதிவு.
4. 21 முதல் 22 வயது வரை: பிரமாணம்.

சட்டங்கள் மாறக்கூடியவை. ஆகையால், காரியம் தொடங்குமுன் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடமோ இந்தியத் தூதரகத்திடமோ நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கடையில் கேட்ட செய்தியை நம்பிப் பிள்ளையின் வாழ்வை நடத்தலாகாது.