மழை அழுக்கை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது
நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்வராயன் மலையில் மழை பிடித்தால் பொட்டியம், கல்படை பக்கத்து ஓடைகளெல்லாம் பெருகிக் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையில் சேர்கின்றன. 1965-இல் கட்டப்பட்ட அணை அது. முழுக் கொள்ளளவு உயரம் 46 அடி. அங்கிருந்து வரும் ஆறு கள்ளக்குறிச்சி நகரத்தைத் தொட்டுக்கொண்டு போய் மணிமுக்தாவோடு சேர்கிறது. பிறகு விருத்தாசலம், வெள்ளாறு, கடைசியில் பரங்கிப்பேட்டைக் கடல். வழியெல்லாம் ஏரிகள், கிணறுகள், கரையோர ஆழ்துளைக் குழாய்கள். மலையில் விழும் மழை இத்தனை ஊர்களின் குடிநீர்.

ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் மழைநீர் சேகரிப்புப் பேரணி நடக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வீடியோ வாகனத்தை மாவட்ட ஆட்சியர் கொடியசைத்து அனுப்பிவைக்கிறார். நல்ல காரியம்தான், தொடரட்டும். ஆனால் அந்தப் பிரசாரம் பெரும்பாலும் மழையைப் பிடித்து வைப்பதைப் பற்றியே பேசுகிறது. அந்த மழை எதன் மேல் ஓடி, எதையெல்லாம் கரைத்துக்கொண்டு நம்மிடம் வருகிறது என்ற பேச்சு மிகக் குறைவு. அந்த இடைவெளியில் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: நல்ல மழை ஒன்று பெய்தால் ஊரே சுத்தமாகிவிடும்.

உண்மை: தெரு சுத்தமாகும், ஏரி அழுக்காகும். கோடை முழுக்கச் சாலையில் படிந்த வண்டி எண்ணெய், டயர்த் தூள், சாணம், நாய்க்கழிவு, சந்தைக் குப்பை எல்லாம் முதல் சில மழைகளில்தான் மொத்தமாக இறங்குகின்றன. அதனால் ஒரு பருவத்தின் மிக மோசமான நீர், பருவத்தின் தொடக்கத்தில் ஓடிவரும் நீர்தான். புதுவெள்ளம் வந்ததும் குழந்தைகளை வாய்க்காலில் இறக்கிவிடும் வழக்கத்தை நிறுத்தவேண்டியது இதனால்தான்.

பெருவெள்ளமும் விதிவிலக்கல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. திருக்கோவிலூர் வழியாகப் போகும் ஆறு அது. அப்படிப்பட்ட வெள்ளம் கழிப்பறைத் தொட்டியையும் மாட்டுக்கொட்டகையையும் கிணற்றையும் ஒரே நீராக்கிவிடும். வெள்ளம் ஏறி வடிந்த கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, பரிசோதித்த பிறகே குடிக்க எடுக்கவேண்டும்.

நம்பிக்கை: தெரு வாய்க்கால் நீர் எங்கேயோ சுத்திகரிக்கப்பட்ட பிறகுதான் ஆற்றுக்குப் போகிறது.

உண்மை: மழைநீர் வடிகாலின் வேலை நீரை வேகமாக வெளியேற்றுவது மட்டுமே. அது போய்ச் சேரும் இடத்தில் வடிகட்டும் இயந்திரம் எதுவும் இல்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் கொட்டிய பழைய ஆயிலும், ஓட்டல் பின்பக்கத்துக் கழிவும், சீவல் பாக்கெட்டும் அடுத்த மழையில் ஏரிக்கோ ஆற்றுக்கோ நேராகப் போகின்றன. பிளாஸ்டிக் வாய்க்காலை அடைத்தால், அதே நீர் வீட்டுக்குள் ஏறும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையைக் கடைவீதியில் காப்பாற்றினால் குடிநீரையும் காப்பாற்றுகிறோம்.

நம்பிக்கை: மலை ஓடை நீர் மூலிகை கலந்தது, அள்ளி அப்படியே குடிக்கலாம்.

உண்மை: கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போகிறவர்கள் சொல்லும் பேச்சு இது. தெளிந்து ஓடும் நீரில் கிருமி கண்ணுக்குத் தெரியாது. மேலே ஆடுமாடு மேய்கிறது. சரிவுகளில் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்றன. ஓடைக்கரையை ஒதுங்கும் இடமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. விடுமுறை நாளில் வரும் கூட்டம் பாட்டிலையும் தட்டையும் போட்டுவிட்டு இறங்குகிறது. மழையில் இத்தனையும் ஓடைக்கே வரும்.

மலைவாழ் மக்கள் ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் அன்றாடம் நீர் எடுக்கிறார்கள். சமவெளியிலிருந்து வருகிறவர் விட்டுச்செல்லும் கழிவு முதலில் அவர்கள் குடத்தில்தான் விழுகிறது. அருவிக்குப் போகிறவருக்கு இந்த ஒரு செய்தியை மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் போகும் பேருந்திலேயே சொல்லிவிடவேண்டும்.

நம்பிக்கை: கலங்கலாக வருவது வெறும் செம்மண். மண் எதுவும் செய்யாது.

உண்மை: வண்டல் வயலுக்கு நல்லது, குடிநீருக்குக் கேடு. கலங்கிய நீரில் குளோரின் போட்டால் அதில் பெரும்பகுதியை மண்ணும் அதிலுள்ள அழுகற்பொருளுமே செலவழித்துவிடும். மண் துகளுக்குள் ஒளிந்த கிருமி தப்பிக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கலங்கலுக்கு 1 அலகு என்று வரம்பு வைத்து, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 5 வரை அனுமதிப்பது இதனால்தான். வயலில் போட்ட மணிச்சத்தும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்து ஏரியில் பாசியை வளர்க்கிறது. அணையில் படியும் மண் கொள்ளளவையும் தின்கிறது. சரிவு நிலத்தில் உழவைச் சரிவுக்குக் குறுக்காக ஓட்டுவதும், வரப்பில் புல் விடுவதும், ஓடைக்கரையில் ஒரு பட்டை நிலத்தை உழாமல் விடுவதும் உழவருக்கும் லாபம், கீழே குடிப்பவருக்கும் லாபம். வளமான மேல்மண் ஒரு மழையில் போனால், அதை மீட்க ஒரு தலைமுறை போதாது.

நம்பிக்கை: நீர் கெடுவதற்கு ஆலைகள்தான் காரணம், நாம் என்ன செய்ய முடியும்?

உண்மை: ஆலைக் கழிவுக்கு ஒரு குழாய் வாய் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர்மாசுத் தடுப்புச் சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அந்த வாயைக் கண்காணிக்க முடியும்; கண்காணிக்கவும் வேண்டும். மழையோடு வரும் மாசுக்கு அப்படி ஒரு வாய் கிடையாது. ஆயிரம் வயலிலும் ஆயிரம் வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி ஓடையில் ஒன்றுசேர்கிறது.

கள்ளக்குறிச்சி கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் மாவட்டம். மழை வரப்போகிறது என்று மேலுரமாக யூரியாவை அவசரமாக வீசினால், பெருமழையில் கணிசமான பங்கு வாய்க்காலுக்கும் நிலத்தடிக்கும் போய்விடும். 2018-இல் படைப்புழு தமிழகத்துக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பு கூடியிருக்கிறது. மருந்தடித்த டேங்கை வாய்க்காலில் கழுவுவதும் காலி டப்பாவைக் கிணற்றுமேட்டில் போடுவதும் பழக்கமாகிவிட்டன. டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிய மருந்து வீணாகாது. டப்பாவைத் துளையிட்டுத் தனியே சேர்த்து வைக்கலாம். இவற்றைச் சட்டம் வந்து செய்யாது, உழவர்தான் செய்யமுடியும்.

நம்பிக்கை: எந்த மழைநீரானாலும் போர்வெல்லுக்குள் விட்டால் நன்மையே.

உண்மை: அரைகுறைப் பிரசாரத்தால் விளைந்த ஆபத்தான நம்பிக்கை இது. 2003-இல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்தத் திட்டத்தில் கூரை நீர் வடிகட்டும் தொட்டி வழியாகத்தான் கிணற்றுக்கு இறங்கவேண்டும். தெருவில் ஓடும் நீரையோ மாட்டுக்கொட்டகை முற்றத்து நீரையோ குழாய் வைத்து நேராகக் கிணற்றில் விடுவது, சாக்கடையைக் கிணற்றில் திறந்துவிடுவதற்குச் சமம். நம்முடையது கடினப் பாறைப் பூமி. நீர் பாறை வெடிப்புகள் வழியாக ஓடுவதால் மண் வடிகட்டிக் கொடுக்கும் வாய்ப்பு குறைவு. ஒரு கிணற்றில் விட்டது பக்கத்துக் கிணற்றிலும் தலைகாட்டும். முதல் மழை நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வரும் கூரை நீரைச் சல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக இறக்குங்கள். ஆண்டுக்கொருமுறை அந்த மணலைக் கழுவுங்கள்.

நம்பிக்கை: கொதிக்கவைத்தால் எந்த நீரும் சரியாகிவிடும்.

உண்மை: கொதிநீர் கிருமியைக் கொல்லும். மழைக்காலத்தில் அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் வரும் நைட்ரேட் கொதியில் போகாது. நீர் சுண்டச்சுண்ட அதன் செறிவு கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது நம் தர வரம்பு. அது மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கலாம். பூச்சிமருந்தையும் எண்ணெயையும் கொதிக்கவைத்துப் போக்கிவிட முடியாது. இந்த மாசுகளை நீரில் சேராமல் தடுப்பதே வழி.

நம்பிக்கை: விழிப்புணர்வு என்றால் பேரணியும் உறுதிமொழியும்தான்.

உண்மை: அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999-இல் சிறு நகரங்களுக்கும் மழைநீர் மாசு விதிகளைக் கொண்டுவந்தபோது, கட்டாயமாக்கிய 6 நடவடிக்கைகளில் முதலாவதாக வைத்தது பொதுமக்கள் கல்வியை. அங்கே பல ஊர்களில் வடிகால் வாயிலேயே மீன் படம் வரைந்து, இந்த நீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று எழுதியிருப்பார்கள். செலவு ஒரு டப்பா பெயின்ட். கள்ளக்குறிச்சி வாய்க்கால் பாலங்களில் "இது கோமுகிக்குப் போகும் நீர்" என்று எழுத எந்தத் தடையும் இல்லை.

நம்மிடம் அமைப்புகளும் இருக்கின்றன. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களநீர் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. சிறு குப்பியில் ஊற்றிய நீர் ஓரிரு நாளில் கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அந்தப் பெண்களே ஊருக்குக் காட்டிவிடலாம். நூறு சுவரொட்டி செய்யாததை அந்தக் கறுத்த குப்பி செய்யும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இல் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. கோடை மழைக்கு முன் வரும் நாள் அது. சோதனை முடிவைச் சபையில் படியுங்கள். மேல்நிலைத் தொட்டி எப்போது கழுவப்பட்டது, குழாய்முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலைக் கால்நடையாகப் பார்த்து, எங்கெங்கே அழுக்கு சேர்கிறது என்று பட்டியல் போட்டு, பெயரோடும் தேதியோடும் பொறுப்பைப் பிரித்துத் தீர்மானம் எழுதுங்கள்.

பிரசாரம் ஆற்றின் பாதையைப் பின்பற்றவேண்டும் என்பதே என் கோரிக்கை. வெள்ளிமலையில் சுற்றுலாப் பயணிக்கும், சரிவில் உழவருக்கும், கச்சிராயபாளையத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரருக்கும், கள்ளக்குறிச்சியில் ஒர்க்‌ஷாப்காரருக்கும் வெவ்வேறு செய்தி தேவை. ஒரே வாசகத்தை எல்லாரிடமும் சொன்னால் யாருக்கும் தன் வேலை எதுவென்று விளங்காது. அவரவர் வாசலில் அவரவர் செய்யவேண்டிய ஒன்றை, முதல் மழைக்கு முன்பே சொல்லவேண்டும். மேலே இருப்பவர் அதைச் செய்தால்தான் கீழே இருப்பவர் நல்ல நீர் குடிப்பார்.