திருந்துவதும் திருத்துவதும்



குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது பல ஊர்களில் நம்மிடம் கேட்கிற கேள்வி இது. "பிள்ளைங்க இங்கிலீஷ்ல ஒரு தடவை 'லை'ங்குது, ஒரு தடவை 'லே'ங்குது. ரெண்டும் ஒண்ணுதானா? நாங்க வாயைத் திறந்தா தப்பு தப்புன்னு சொல்லுதுங்க." இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

முதலில் நம்ம தமிழ். வாய்க்கால்ல தண்ணி பாயுது. நாம வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறோம். குதிர் நிரம்புது, நாம நிரப்புறோம். மாடு திரும்புது; நாம திருப்புறோம். தானே நடந்தால் ஒரு சொல், ஒருத்தர் செய்ய வைத்தால் இன்னொரு சொல். இலக்கணத்தில் இதைத் தன்வினை, பிறவினை என்பார்கள். அந்தப் பேர் தெரியாதவங்களும் மாட்டைத் 'திரும்புறேன்'னு சொல்வதில்லையே!

ஆங்கிலத்திலும் இப்படிச் சில ஜோடிகள் உண்டு. 'ரைஸ்' என்றால் தானே உயர்வது, 'ரெய்ஸ்' என்றால் உயர்த்துவது. வட்டி உயர்ந்தது, வங்கி வட்டியை உயர்த்தியது என்கிறோமே, அதே வித்தியாசம். (அரிசிக்குச் சொல்கிற ரைஸ் வேறே.) 'லை' என்றால் கிடப்பது, 'லே' என்றால் வைப்பது. கோழி முட்டையிடுவதும் 'லே'தான். குழப்பம் எங்கே வருகிறது? 'நேத்து கிடந்தது' என்று சொல்லும்போது 'லை' என்பது 'லே' ஆகிவிடும். 'நேத்து வச்சேன்' என்பதற்கு 'லெய்ட்'. ஆக இன்று வைப்பதற்கும் நேற்று கிடந்ததற்கும் ஒரே சொல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுகிறார்கள். பிள்ளைகள் தடுமாறினால் தலையில் குட்ட வேண்டாம்.

இன்னொன்று 'டிட்'. 'டிட் நாட் வென்ட்' என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். 'டிட் நாட் கோ' என்பதே சரி. நாமும் 'நேத்து பேங்குக்குப் போகலை' என்றுதானே சொல்கிறோம்? 'போனேன் இல்லை' என்பதில்லை. அவர்கள் மொழியில் நடந்து முடிந்த காலத்தை 'டிட்' சுமக்கிறது, பக்கத்துச் சொல் அதை மறுபடி சுமக்க வேண்டியதில்லை.

சரி, தப்பு தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். கும்பகோணம் பக்கம் வலங்கைமானில் 1869-ல் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. கும்பகோணம் கல்லூரியில் படித்தவர். ஆங்கிலப் பேச்சுக்காக 'வெள்ளி நாக்கு' என்று பேர் வாங்கியவர். 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர்களிலும் ஒருவர். காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் 1940-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், மதிப்புக்குரிய ஒரு நண்பர் மொழியைத் திருத்திக் கொடுத்ததாகவும், தன் பெயரைச் சொல்லவே கூடாது என்று அவர் நிபந்தனை போட்டதாகவும் இருக்கிறது. அவர் சாஸ்திரிதான் என்று பின்னாளில் பலர் எழுதியிருக்கிறார்கள். அரசியலில் காந்தியோடு ஒத்துப்போகாதவர். ஆனாலும் திருத்திக் கொடுத்துவிட்டு வெளியில் மூச்சு விடவில்லை.

நம்ம கூட்டங்களில் நடப்பது வேறு மாதிரி. ஒரு குழுவில் வயதான உறுப்பினர் எழுந்து, 'லோன்' விஷயமாக ஏதோ கேட்க ஆரம்பித்தார். ஒரு ஆங்கிலச் சொல் வாயில் புரண்டுவிட்டது. படித்த இளம் உறுப்பினர் அதைச் சத்தமாகத் திருத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டார். அவர் கட்டிய இரண்டு தவணை பாஸ்புக்கில் ஏறவில்லை என்பதைத்தான் கேட்க வந்திருக்கிறார். அது அடுத்த மாதம்தான் வெளியே வந்தது. சொல்லைத் திருத்தினோம், கணக்கு திருந்தாமல் கிடந்தது.

அதற்காக எதையுமே திருத்தக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தில் 'குழு கடன் வாங்கியது' என்பதற்குப் பதில் 'வழங்கியது' என்று விழுந்தால் கையெழுத்துக்கு முன்பே திருத்தியாக வேண்டும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் கடனாளியே மாறிப்போவார்! ஆங்கிலப் படிவத்தில் 'பாரோ' என்றால் வாங்குவது, 'லெண்ட்' என்றால் கொடுப்பது. இதை ஊக்குநர், பிரதிநிதி இருவரும் படித்துப் பார்த்த பிறகே மற்றவர்கள் கையெழுத்துப் போடணும். 'கட்டிப்புட்டேன்', 'ஆவலை' என்று பேசுவது நம்ம ஊர்ப் பேச்சு, அதில் திருத்த ஒன்றுமில்லை. எழுதும்போது மட்டும் எழுதுகிற மாதிரி எழுதினால் போதும்.

பயிற்சி: பாய்–பாய்ச்சு, நிரம்பு–நிரப்பு போல வயல் வேலையிலும் சமையலிலும் வரும் 10 ஜோடிச் சொற்களை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். முதல் ஜோடியை நாமே தருகிறோம்: திருந்து–திருத்து.