எல்லார்க்கும் திறக்கும் வாசல்

நுழையும்முன்
அரசு அலுவலகத்தின் வாசல் இன்று கைப்பேசித் திரையிலும் திறக்கிறது. அவ்வாசல் எல்லார்க்கும் ஒன்றுபோலத் திறக்கிறதா?

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி பயிரிடும் உழவர், லாரி ஓட்டுநர், நெசவாளர், கோழிப்பண்ணைத் தொழிலாளர் எனப் பலதிறத்தார் வாழ்கின்றனர். முன்பு சான்றிதழ் வேண்டுவோர் வட்டாட்சியர் அலுவலகம் சென்றனர். எழுதத் தெரியாதோர்க்கு, வாசலில் அமர்ந்து மனு எழுதுவோர் துணைநின்றனர். இன்று அப்பணிகள் பலவும் இணையத்திற்கு வந்துவிட்டன. மனு எழுதுவோர் கேட்டறிந்து செய்த உதவியை இனி இணையதளமே செய்தாக வேண்டும்.

ஊரார் சொல்லும் அலுவலகச் சொல்லும்
'எங்கிருந்தும் எந்நேரமும்' என்னும் தமிழக அரசின் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ இட்டு நில விவரம் பெறலாம். வடமாநிலச் சாலையில் இருக்கும் ஓட்டுநரும் தம் ஊர் நிலத்தின் விவரத்தைக் காண இயலும். ஆனால், இப்பகுதி உழவர் புன்செய் நிலத்தைக் 'காடு' என்பர். மேட்டுக்காடு, கிணற்றுக்காடு எனப் பெயரிட்டு அறிவர். புல எண் அவர்தம் நினைவில் இருப்பது அரிது. 'புல எண்ணைப் பழைய பட்டாவிலோ கிரயப் பத்திரத்திலோ காணலாம்' என்னும் ஒருவரிக் குறிப்பு, ஊராரையும் அலுவலகத்தையும் இணைக்கும் பாலமாகும்.

கண்ணுக்கும் காதுக்கும்
பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் செவிவழிப் படிக்கிறார். அறிவிப்பைத் தாளில் அச்சிட்டுப் படமாக்கி ஏற்றினால் அவருக்கு அப்பக்கம் வெற்றிடமே. அதனையே ஒருங்குறி எழுத்தில் இட்டால் அது குரலாகும். படங்களுக்கு மாற்றுரையும் தேவை. முதியோர்க்காக எழுத்துக்கும் பின்னணிக்கும் தெளிவான நிறவேறுபாடு வேண்டும்.

தெரிந்து தெளிவோம்
இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வெளியிடப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பத்தை அவர்கள் அணுகுவதை உரிமையாக்கியது.

அலுவலக வாசலில் ஏமாந்து திரும்பியவரைப் பிறர் கண்டனர். திரையின்முன் பாதியில் கைவிட்டவரை எவரும் காண்பதில்லை. எனவே, தளத்தை வடிவமைப்போர் இ-சேவை மையத்தில் அமர்ந்து, மக்கள் எங்கே தயங்குகின்றனர் என உற்றுநோக்க வேண்டும். அத்தயக்கத்தை நீக்குவதே நல்ல வடிவமைப்பு. அரசின் உதவி உரியவரைச் சென்றடைவது அதனைப் பொறுத்ததே.

கற்பவை கற்றபின்
அரசுப் படிவம் ஒன்றிலுள்ள அலுவலகச் சொற்கள் ஐந்தினை எடுத்து, உங்கள் ஊர் முதியவர் ஒருவர்க்கு விளங்குமாறு எளிய தமிழில் எழுதுக.